பனியன் துணியில் ஒட்டிய பொட்டுகள்

என் அலுவலக அறைக்கு வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பதில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பனியன் துணியைத்தான் பார்க்கிறார்கள். வேட்டி அகலம் இருக்கும். வெள்ளையாக இருந்தது, இப்போது மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. அதன் மேல் நீல மையில் சாலைகள் வளைந்து வளைந்து போகும். சாலை ஓரங்களில் ஊர்ப் பெயர்கள். இங்கும் அங்குமாக, பெண்கள் நெற்றியில் வைத்துக்கொள்கிற ஒட்டுப் பொட்டுகள். ஏதாவது வேண்டுதலா என்று பம்பாயிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் கேட்டார். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். முதலில் துணியைத் தொட்டுப் பாருங்கள் என்பேன். இருபது வருடமாகத் தொங்குகிறது, எங்காவது ஓர் இழை அறுந்திருக்கிறதா? என் மெஷினில் ஓடிய துணி. அப்புறம்தான் அதில் வரைந்தவளைப் பற்றிப் பேச்சு வரும். அவள் என் சகலையின் மகள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை நிற்காது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிப் பையனாகத் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தேன். மடித்துக் கொடுத்த கையாலேயே தைக்கக் கற்றேன், வெட்டக் கற்றேன், பின்னால் பல்லடம் சாலையில் சொந்தக் கட்டடம் எழுப்பினேன். என் பனியன் கடல் தாண்டிப் போனது. நூலைக் கையில் உருட்டிப் பார்த்து அது எப்படிப்பட்ட நூல் என்று நான் சொன்னால், மில்காரன் மறுத்துப் பேச மாட்டான். கல்யாண மேடையோ கோயில் கூட்டமோ, மைக்கைக் கொடுத்தால் நான் தொடங்குகிற வரி ஒன்று உண்டு: "குண்டடத்திலிருந்து திருப்பூருக்கு நடந்தே வந்தவன் நான்." கூட்டம் அப்படியே அடங்கிவிடும்.

சகலைக்குத் தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதிப் பாசனத்தில் தோட்டம். மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் புவியியல் படித்தாள். ஒடிசலான பெண். பேச்சு குறைவு, கேள்வி அதிகம். எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட, குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எந்தத் தெருவுக்கு முதலில் திறந்துவிடுகிறார்கள் என்று என் மனைவியைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து என்று நினைக்கிறேன், அவள் கடைசி வருடத்தில் இருந்தாள். வெளியே போய் நேரில் விசாரித்து, கிடைத்ததைக் கணக்காக்கி, அதற்கு அர்த்தம் சொல்லி ஓர் அறிக்கை எழுத வேண்டுமாம். பனியன் கம்பெனி ஆட்கள் எந்த ஊரிலிருந்து, எதில் ஏறி, எவ்வளவு நேரத்தில் வேலைக்கு வருகிறார்கள் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். என் கம்பெனியில் கேட்கலாமா என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையின் அட்டையில் கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அந்த அறிக்கையை நம்பி அவளுக்கு என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தது. சகலை தங்கமான மனிதர்தான், ஆனால் கைக்கு வந்ததை விட மனசில்லாதவர். இந்தப் பரீட்சையை ஒழுங்காக முடித்தால் மேலே படிக்க வைக்கிறேன், எதிலாவது இடறினால் தையிலேயே கல்யாணம் என்று சொல்லிவிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கினாள்.

கேள்வித்தாள் கட்டு, அதை வைத்து எழுத ஒரு பேடு, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை. சாப்பாட்டு ஹாலில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் லைன் லைனாக ஆட்களை அனுப்பினார். நான் கொஞ்ச நேரம் தூணோரமாக நின்று கேட்டேன். அவள் புத்தகத் தமிழில் மரியாதையாகக் கேட்பாள். வருகிற பெண், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "கம்பெனி வேனுங்க. கால் மணி நேரமுங்க. சிரமம் ஒண்ணும் இல்லீங்க" என்பாள். அடுத்த பெண்ணும் அதையே சொல்வாள். அயர்ன்காரர் சொன்னார், கட்டிங் மாஸ்டர் சொன்னார், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற குடும்பங்களும் அவர்கள் பாஷையில் அதையே சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. என் ஆட்கள் இவ்வளவு சுகமாக வேலைக்கு வருகிறார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுச் சாப்பாட்டு மேசையை அவள் பிடித்துக்கொண்டாள். என் மனைவி குழம்புச் சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அளவுகோல், சீவிய பென்சில், கட்டம் போட்ட தாள். அவள் பென்சில் சீவிய வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. இவ்வளவு நேரத்துக்குள் வருகிறவர்களுக்கு ஒரு தூண், அதைவிட அதிக நேரம் ஆகிறவர்களுக்கு இன்னொரு தூண் என்று வரைய வேண்டுமாம். அவள் வரைந்ததில் ஒரே ஒரு தூண்தான் தாளின் உச்சி வரைக்கும் ஏறி நின்றது. பக்கத்தில் பொடிப்பொடியாகச் சில கோடுகள், அவ்வளவுதான். "மத்த தூணெல்லாம் எங்க கண்ணு?" என்றேன். "அதுல ஆளே இல்லீங்க பெரியப்பா" என்றாள். நான் அந்தத் தாளைக் கையில் வாங்கி, ஒற்றைத் தென்னை போல நிற்கிற அந்தத் தூணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கல்லூரிக்குப் போனவள் மறுநாள் சாயங்காலமே திரும்பி வந்தாள். காபி வேண்டாம் என்றாள். அறிக்கையைப் பார்க்கிற பேராசிரியர் அம்மா, அவள் கொண்டுபோனதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது வெளியில் போய்க் கேட்டதல்ல, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நீயே எழுதியது என்று சொல்லிவிட்டாராம். பக்கத்திலிருக்கிற பொடித் தூண்களும் நம்ப வைப்பதற்காகப் போட்டது என்றாராம். இப்படியே கொடுத்தால் கையெழுத்துப் போட மாட்டார், ஒரு வருடம் போய்விடும். வருடம் போனால் காங்கேயம்தான். இதையெல்லாம் என் மனைவி சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். சகலையின் மகள் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் கம்பெனியில், என் கண் முன்னால் கேட்டதைப் பொய் என்று சொல்ல அவர் யார்? கார்ச் சாவியை எடுத்துக்கொண்டேன். இப்போதே போய் அந்த அம்மாவிடம் இரண்டில் ஒன்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"பெரியப்பா, செக்கிங்ல ஒரு புள்ள லாட்டு முச்சூடும் பாத்துப்போட்டு, ஒரு பீஸு கூட ரிஜெக்ட் இல்லீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"அவ பாக்கவே இல்லைன்னு அர்த்தம். திரும்பக் கொட்டிப் பாருன்னு சொல்லுவேன்."

"மேடமும் அதையேதானுங்க சொல்றாங்க."

சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினேன். என் தொழிலை வைத்தே என்னை உட்கார வைத்தவர்கள் இந்த ஊரில் அதிகம் பேர் இல்லை.

அன்றைக்கு ஹால் தரையில் கேள்வித்தாள்களைப் பரப்பினாள். ஃபேனை நிறுத்தச் சொன்னதால் எல்லோருக்கும் வேர்த்தது. முதலில் ஊர்வாரியாக அடுக்கினாள். குண்டடத்துக்காரரும் கால் மணி, காங்கேயத்துக்காரரும் கால் மணி. குண்டடத்திலிருந்து கால் மணி நேரத்தில் வர வேண்டுமென்றால் பறந்துதான் வர வேண்டும் என்று அவளே முணுமுணுத்தாள். வயதுவாரியாக மாற்றி அடுக்கினாள். செய்கிற வேலைவாரியாக அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் எல்லாக் குவியலும் ஒரே பாட்டைப் பாடின. கடைசியாக, வேலைக்குச் சேர்ந்த மாதவாரியாக அடுக்கினாள். அப்போதுதான் ஒரு சின்னக் குவியல் தனியாகப் பிரிந்தது. ஒருவர் நடை என்றிருந்தார், ஒருவர் இரண்டு பஸ் என்றிருந்தார், இன்னொருவர் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார் என்று சொல்லியிருந்தார். பழைய தாளில் பொடிப்பொடியாக நின்ற கோடுகள் இவர்கள்தான்.

"இவுங்க எல்லாம் ஆடிக்கு அப்பறம் சேர்ந்தவுங்க. ஆடி மாசத்துல கம்பெனியில என்ன நடந்துச்சுங்க பெரியப்பா?"

யோசித்தேன். யோசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் சிரித்தேன். ஆடியில் எங்களுக்கு ஆடிட்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுக்கும் முன்னால் அவன் ஆட்களை அனுப்புவான். கழுத்தில் அட்டையும் கையில் பேடுமாக ஒரு பெண் வந்து, சாப்பாட்டு ஹாலில் மேசை போட்டு, தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாள். எத்தனை மணிக்கு வேலை, எப்படி வீட்டுக்குப் போகிறாய், சிரமம் இருக்கிறதா. இரண்டு நாள் முன்னாலேயே எங்கள் மேனேஜர் எல்லோருக்கும் பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடுவார். வேன் என்று ஒன்று இருந்தது, பொய்யில்லை. அது ஒரே ஒரு பாதையில் போய் வந்தது. மற்றவர்கள் வந்த வழி ஆண்டவனுக்கு வெளிச்சம். இந்தப் பெண்ணும் அட்டையும் பேடுமாக அதே ஹாலில் உட்கார்ந்ததும், என் ஆட்கள் இதுவும் ஆடிட்டு என்று நினைத்துவிட்டார்கள். முதலாளிக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று, ஆடிக்குப் பிறகு சேர்ந்த புதியவர்களைத் தவிர ஒருவர் விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் பாசத்தில் இந்தக் குழந்தையின் படிப்பு போகப் பார்த்தது.

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சின்னக் குவியலைத் தனியாகக் கட்டி வைத்தாள். பிறகு, கேள்வியே கேட்கக் கூடாது பெரியப்பா, கேள்வி கேட்டால் பதில் தயாராக இருக்கிறது என்றாள். மறுநாள் கழுத்து அட்டையைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தாள். பெரிய தாள் கேட்டாள். தாளுக்கு நான் எங்கே போவேன்? நாங்கள் துணிக்காரர்கள். கட்டிங் மேசையில் ஒரு வெள்ளைப் பனியன் துணியை விரித்துக் கொடுத்தேன். அது இழுபடாமல் ஓரமெல்லாம் ஒட்டி, பல்லடம் சாலை, காங்கேயம் சாலை, தாராபுரம் சாலை என்று அவள் அளந்து வரைந்தாள். பொட்டு அட்டைகளை வாங்கி வந்தாள். நடந்து வருகிறவர்களுக்குச் சிவப்பு, பஸ்ஸுக்குப் பச்சை, சைக்கிளுக்கு நீலம், வேனுக்குக் கறுப்பு. டீ நேரத்தில் எல்லோரையும் மேசையைச் சுற்றி வரச் சொல்லி, அவரவர் வீடு இருக்கிற இடத்தில் அவரவர் வருகிற நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டுங்கள், காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற நேரத்தை மட்டும் பக்கத்தில் எழுதுங்கள் என்றாள்.

அவ்வளவுதான், சந்தை கூடிவிட்டது. "அங்க இல்லீங்கக்கா உங்கூடு. மாரியாத்தா கோயலுக்கு அக்கட்ட தள்ளி ஒட்டுங்க" என்று ஒருத்தி. "நீங்க ஏனுங்க பச்சை ஒட்டறீங்க? உங்கூட்டுக்காரரு சைக்கிள்ல கொண்டாந்து விடறதை நாங்க பாக்கலையாக்கும்?" என்று இன்னொருத்தி. பச்சை ஒட்டியவளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது. தூத்துக்குடிக்காரப் பெண், வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, "நெத்தியில வைக்காத பொட்ட இந்தத் துணியிலயாவது வச்சிக்கிடுதேன். எங்க சர்ச் ஐயருட்ட யாரும் சொல்லிராதிய" என்றாள். பீகார்ப் பையன்கள் இருவர், தாங்கள் கம்பெனி மாடியிலேயே தங்கியிருப்பதால் எந்த நிறம் என்று கையைக் காட்டிக் கேட்டார்கள். சொல்லிக் கொடுத்த பதில் யாருக்கும் நினைவில்லை. ஒருத்தி தப்பாக ஒட்டினால் பக்கத்து வீட்டுக்காரி விடுவதில்லை. கறுப்புப் பொட்டு அட்டையில் முக்கால்வாசி அப்படியே மிஞ்சியது.

கடைசியில் என்னிடமும் ஒரு பொட்டு அட்டையை நீட்டினாள். முதன்முதலில் திருப்பூருக்கு எங்கிருந்து எப்படி வந்தீர்கள், ஒட்டுங்கள் என்றாள். நான் யோசிக்கவே இல்லை. சிவப்பை எடுத்துக் குண்டடத்தில் ஒட்டினேன். நூல் பிசிறு வெட்டுகிற அம்மா ஒருத்தி, எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, "மொதலாளி பருத்திக்கொட்டை லாரியில ஏறிப் போனாருன்னு எங்கப்பன் சொல்லுமுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டீ நேரம் முடிந்தது, போய் மெஷினில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

துணியை மேசையில் வைத்தே அளந்து முடித்துவிட்டுத்தான் சுவரில் தொங்கவிட்டாள். தொங்கவிட்டதும் அது தன் கனத்திலேயே கொஞ்சம் இழுபட்டது. "அய்யோ, எங்கூரு இன்னுந் தூரமாப் போகுதுங்க. இனிமே அரை மணி நேரம் முந்தியே கெளம்போணும்" என்று குண்டடத்துப் பெண் ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

யார் யார் தாமதமாக வந்தார்கள் என்று கேட் வாட்ச்மேன் சொன்ன விவரத்தையும் அந்தத் துணியையும் வைத்து அவள் கண்டுபிடித்ததை நான் இன்றைக்கும் பெரிய மனிதர்களிடம் சொல்வேன். தூரத்து ஆட்கள்தான் தாமதமாக வருகிறார்கள், இனிமேல் பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஆள் எடுக்கக் கூடாது என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அவள் பொட்டுகளில் அது தலைகீழாக இருந்தது. இரண்டு பஸ் மாறி வருகிற குண்டடத்துக்காரி நேரத்துக்கு உள்ளே இருந்தாள். கூப்பிடு தூரத்தில், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறவள்தான் நேரம் தப்பி ஓடி வந்தாள். அதுவும் எல்லா நாளும் இல்லை. ஏன் என்று நான் கேட்டேன். சோம்பேறித்தனம் என்று பதிலையும் நானே சொன்னேன். அவள் அந்த லைன் வீடுகளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "தூரமில்லீங்க பெரியப்பா, தண்ணி. கொழாயில தண்ணி வுடற நாள்ல குடம் நெறஞ்சாத்தான் வர முடியுது" என்றாள். அந்த வருடமே லைன் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தேன். என் பெயர் அதில் கல்வெட்டாக இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

எல்லாம் முடிந்து அறிக்கையை எழுதும்போதுதான் எனக்கும் அவளுக்கும் முட்டியது. முதலில் கேட்ட தாள்களைப் பற்றியும் தனியாக ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள். எல்லோரும் ஒரே பதில் சொன்னது, அது எதனால் என்பது, அதை எப்படிப் பிரித்துக் கண்டுபிடித்தாள் என்பது எல்லாம் அதில் இருந்தது. இது நாளைக்கு வெளிநாட்டுக்காரன் கண்ணில் பட்டால்? சரியான கணக்குத்தான் கிடைத்துவிட்டதே, தப்பானதை எதற்குச் சுமக்க வேண்டும், அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துவிடு என்றேன். அதட்டித்தான் சொன்னேன். என் வீட்டில் என் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

"அதை எடுத்துப்போட்டா, மொதல்ல கொண்டுபோனதை நான் ஊட்ல உக்காந்து எழுதினதாத்தானுங்க ஆகும். நான் பொய் எழுதல பெரியப்பா."

குரலை உயர்த்தவில்லை. நான் அந்தப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன். பிறகு, அட்டையில் கம்பெனி பெயர் வேண்டாம் என்று சொன்னேன். பல்லடம் சாலையில் ஒரு பின்னலாடை நிறுவனம் என்று போட்டுக்கொண்டாள். பேராசிரியர் அம்மா அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் படித்தாராம். படித்துவிட்டு, உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். காங்கேயத்து மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. சகலை மனசில்லாமல்தான் மேல்படிப்புக்குப் பணம் கட்டினார். எனக்குத்தான் ஒரு குறை. அந்த அறிக்கை கல்லூரி நூலகத்தில் இருக்கிறது, வருகிற பிள்ளைகள் எல்லாம் எடுத்துப் படிக்கிறார்களாம். அது என் கம்பெனி என்று ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு குறையும் இருந்தது. அறிக்கையைப் புரட்டிப் பார்த்தபோது, பொட்டுக் கணக்கில் என்னுடையது விட்டுப்போயிருந்தது. என்னை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆடிட்டுப் பதில் சொன்னீங்க பெரியப்பா" என்றாள். அதற்குப் பிறகும் மேடைகளில் மட்டும் வழக்கம்போல நடந்தே வந்துகொண்டிருந்தேன்.

இப்போது கம்பெனியை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆடிட்டு எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஆட்கள் வாசலில் விரலை வைத்தால் நேரம் தானாக ஏறிக்கொள்கிறது. அந்தப் பொட்டு ஒட்டியவர்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. சகலையின் மகள் ஒரு கல்லூரியில் பேராசிரியை. காதோரம் நரைத்திருக்கிறது. போன மாதம் தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கையில் பேடு இல்லை, கழுத்தில் அட்டையும் இல்லை. கழற்றச் சொல்லித்தான் கூட்டி வந்திருப்பாள். எல்லோரும் துணியைப் பார்த்தார்கள். தொங்கித் தொங்கி அது நீண்டுவிட்டது. திருப்பூர் நின்ற இடத்தில் நிற்க, குண்டடம் இறங்கி இறங்கித் தரையோரம் வந்துவிட்டது. பல பொட்டுகள் உதிர்ந்து, ஒட்டியிருந்த இடத்தில் பசைக்கறை மட்டும் வட்டமாகத் தெரிகிறது. என் சிவப்பும் எப்போதோ விழுந்துவிட்டது.

ஒரு மாணவி என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க மொதல்ல திருப்பூருக்கு எப்படி வந்தீங்க?" என்று கேட்டாள். "குண்டடத்திலிருந்து நடந்தே" என்கிற வரி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சகலையின் மகள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"எங்க தோட்டத்துலிருந்து குண்டடம் மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன் கண்ணு. அங்கிருந்து பருத்திக்கொட்டை லாரி. மூட்டை மேல படுத்துட்டு வந்தேன். லாரிக்காரரு ஒரு பைசா வாங்கல. சத்தமாப் பாடிக்கிட்டே வந்தாரு, எனக்குத் தூக்கமே வரல."

சொல்லி முடித்த பிறகுதான், அந்த லாரிக்காரரைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் பேசியதில்லை என்று தோன்றியது. மூட்டையின் எண்ணெய் வாசனை அப்படியே வந்தது. காசில்லாத வயதில் ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்துவது மட்டும் லேசான காரியமா? அதற்கும் தைரியம் வேண்டும்.

மாணவி எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "லாரிக்கு என்ன கலருங்க மேடம்?" என்று கேட்டாள். லாரிக்கு நிறமே வைத்திருக்கவில்லை. சகலையின் மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் நெற்றியிலிருந்த மெரூன் பொட்டை எடுத்து, துணிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, குண்டடத்தில் ஒட்டி விரலால் அழுத்தினாள்.